கொழுப்பு இல்லாதவளுக்கு வந்த பக்கவாதம்

என் எஸ்தர் அக்காவுக்கு,

உன் தங்கை ரூபி எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன்னிடம் பேச வேண்டியதை ஊரும் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை மடித்து பைபிளுக்குள் வைக்காமல் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மச்சானும் படிக்கட்டும்.

உன் நினைவு நாளுக்குப் பரளச்சி சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் உன் புருஷன் சாட்சி சொல்ல எழுந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை, குரலில் ஒரு குழறல் கிடையாது. பக்கவாதம் வந்த மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது.

"எனக்கு ரத்தத்துல கொழுப்பு ரொம்பக் கூட இருந்துச்சு. பக்கவாதம் வந்துச்சு. ஆனா கர்த்தர் என்னைய நடக்க வச்சாரு. எஸ்தருக்குக் கொழுப்பே கெடையாது. அவளை எடுத்துக்கிட்டாரு. கொழுப்பு இருந்தாத்தான் ஒடம்பு தாங்கும்னு இப்ப போன்ல எல்லாம் வருது. நான் கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டேன். நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

சபை ஆமென் என்றது. முன் வரிசையில் இருந்த நாலைந்து ஆண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களும் இனிமேல் மாத்திரையை நிறுத்துவார்களோ என்னவோ. உன் சாவை வைத்து இவர் பாடம் நடத்துகிறார் அக்கா. அதுவும் தப்பான பாடம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. உன்னைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் அவர்களுக்குப் புரியும்.

நீ திருச்சுழியிலிருந்து பரளச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மச்சான் அருள்தாஸ் வேலிக்கருவையை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, லாரியில் லோடு அனுப்புகிற தொழில் செய்கிறவர். பேச்சு வார்த்தை, பேரம், வெள்ளைச் சட்டை எல்லாம் அவருடையது. வெயிலில் நின்று ஆட்களை வேலை வாங்கியதும், மூட்டத்தில் எங்கே தீ எட்டிப் பார்க்கிறது என்று சுற்றிச் சுற்றி வந்து மண்ணைப் போட்டு மூடியதும், தண்ணீர் சுமந்ததும் நீ. லாரிக்காரன் எடையில் ஏமாற்றினால் ரோட்டில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போடுவாய். சிரித்தாலும் அப்படித்தான் சிரிப்பாய்.

அந்தச் சத்தத்துக்காக உன் மாமியார் உனக்கு வைத்த பேர் கொழுப்பெடுத்தவள். "இவளுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு, அதான் ஆம்பளைக்குச் சமமா நின்னு பேசுறா" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கல்யாணமான புதிதில் நீ அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாய்.

அந்தக் கிழவி இறந்தபின் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். மச்சானுக்குக் கொழுப்பு மிக அதிகம் என்று வந்தது. ரத்த அழுத்தமும் அதிகம். உனக்குக் கொழுப்பு குறைவு. "ரொம்ப நல்லதும்மா, இப்படியே இருங்க" என்று அங்கே இருந்தவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

அன்று சாயங்காலம் நீ எனக்குப் போன் பண்ணினாய். "ஏடி ரூபி, கேட்டியா சேதிய? கொழுப்பெடுத்தவன்னு பேரு எனக்கு, கொழுப்பு பூராம் உங்க மச்சானுக்கு" என்றாய். ரொம்ப நாளைக்குப் பிறகு உன் பழைய சிரிப்பைக் கேட்டேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு உன் அடுப்பே மாறிவிட்டது. தேங்காய் நின்றது. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினாய். மச்சானுக்கு மீன், காய்கறி, கேப்பை. அவர் முகம் சுளித்தால் அவருக்காகத் திரும்ப ஒரு குழம்பு. அவர் சாப்பிட்டு, வேலைக்காரர்கள் சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சிய ரசத்தில் கொஞ்சம் சோற்றைப் பிசைந்து நின்றுகொண்டே விழுங்குவாய். மிஞ்சாத நாளில் காப்பி. நான் கேட்டால், "எனக்கென்னடி, எனக்குத்தான் கொழுப்பே இல்லையே" என்பாய். அந்த முகாமில் சொன்ன வார்த்தையை நீ ஒரு பரிசு மாதிரி வைத்துக்கொண்டாய். எலும்பு தெரிய மெலிந்ததையும் ஆரோக்கியம் என்றே சொன்னாய்.

மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது அடுத்த கோடையில். எடை மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது, இடது கை தொங்கியது. நீ ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கரி ஏற்ற வந்த வண்டியை நிறுத்தி, லோடு போனால் போகட்டும் என்று அவரை ஏற்றி, நான் இருக்கிற அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தாய். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். உன் சேலையெல்லாம் கரி. அங்கிருந்து மதுரை. பத்து நாளில் அவர் கம்பை ஊன்றி நடந்தார். இரண்டு மாதத்தில் கம்பையும் போட்டுவிட்டார்.

ஊரே வந்து பார்த்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அலமாரியில் இடம் கொள்ளவில்லை. அதில் ஒரு ஆப்பிளாவது நீ சாப்பிட்டாயா அக்கா?

அவருடைய கையைப் பிடித்து நடக்க வைத்தது நீ. உன்னைவிட இரண்டு மடங்கு கனமான மனிதரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்தது நீ. மாசம் தவறாமல் மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனதும் நீ. உள்ளே டாக்டர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்கும்போது நீ வெளியே பெஞ்சில் செருப்பையும் பையையும் காவல் காத்தாய். இதயத்தைப் பற்றிப் படம் போட்ட பலகைக்குக் கீழேதான் அந்த பெஞ்ச் இருந்தது. அத்தனை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த உன் கையை ஒருத்தரும் பிடித்துப் பார்க்கவில்லை.

உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "உள்ளுக்குள்ள கோழி றெக்கைய அடிக்கிற மாதிரி இருக்குடி. கொஞ்ச நேரம் அடிக்கிது, அப்பறம் நின்னுருது" என்று போனில் சொன்னாய். டவுனுக்கு வா, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். "இந்த லோடு போகட்டும்" என்றாய். அடுத்த முறை கேட்டபோது, "உங்க மச்சானுக்கு மாத்திரை வாங்க வருவம்ல, அப்பப் பாத்துக்கிருவோம்" என்றாய். உன் உடம்புக்கென்று தனியாக ஒரு பஸ் ஏற உனக்கு வரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மச்சானே ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். சர்ச்சுக்குப் போக அவருடைய சட்டையை நீ தேய்த்துக்கொண்டிருந்தாயாம். தேய்ப்புப் பெட்டி கையிலிருந்து நழுவியது. அப்படியே சரிந்து உட்கார்ந்தாயாம். பேசச் சொன்னால் வாய் கோணியது, பேச்சு வரவில்லை. மயக்கம் என்று நினைத்து, சோடாவைக் குடிக்க வைத்து, பாயில் படுக்க வைத்துவிட்டு, அவர் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போய்விட்டார். உனக்காக ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்று போனாராம்.

அவருக்கு வாய் கோணியபோது நீ வண்டியை மறித்தாய். உனக்கு வாய் கோணியபோது அவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தீப்பெட்டி கேட்க வந்த அடுத்த வீட்டு மேரிதான் உன்னைப் பார்த்திருக்கிறாள். சோடா கடைவாயில் வழிந்துகிடந்ததாம். அவள்தான் ஆம்புலன்ஸுக்கும் எனக்கும் போன் பண்ணினாள். ஆராதனை முடிந்து மச்சான் வீட்டுக்கு வந்தபோது உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இவளுக்குக் கொழுப்பே கெடையாதே. இவளுக்கு எப்படிப் பக்கவாதம் வரும்?" என்று வண்டிக்காரப் பையனிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். உன் வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. கருவைக் காட்டுக்கே கேட்கிற உன் குரலில் 'ஆ' என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சத்தத்தில் என்னென்னவோ சொன்னாய். என்ன சொன்னாய் அக்கா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

நீ அங்கே கிடக்கும்போது ஒரு டாக்டரம்மா உன்னைப் பார்த்தார். சின்ன வயசு, சலிக்காமல் பதில் சொல்லக்கூடியவர். மச்சானும் நானும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான்தான் கேட்டேன்.

"டாக்டர், இவுகளுக்கு அவ்வளவு கொழுப்பு. பக்கவாதம் வந்தும் நடந்து வீட்டுக்கு வந்துட்டாக. எங்க அக்காவுக்குக் கொழுப்பு கம்மி. அவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசமா வந்துச்சு?"

"ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதாம்மா. வந்த வழி வேற" என்றார். "இவருக்கு மூளைக்குள்ள ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பிரஷரும் கொழுப்பும் பல வருஷமா சேர்ந்து பண்ணின வேலை. குழாய் சின்னது, அதனால சேதமும் சின்னது. உங்க அக்காவுக்கு இதயம் தாளம் தப்பித் துடிக்குது. அப்படித் துடிச்சா உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சு கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பிப் போய் மூளைக்குப் போற பெரிய குழாயையே அடைச்சிருச்சு. இது வர்றதுக்குக் கொழுப்பு வேணும்னு இல்ல."

"அப்ப, கொழுப்பு கூட இருந்தா பக்கவாதம் லேசா வரும்கிறாகளே?" என்று மச்சான் கேட்டார்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்படி ஒண்ணு இருக்கு, நாங்களும் பாக்கிறோம். பக்கவாதத்தோட வர்றவங்கள்ல கொழுப்பு கம்மியா இருக்கவங்க சிலசமயம் ரொம்ப மோசமா இருப்பாங்க. அதை வச்சு கொழுப்புதான் காப்பாத்துச்சுன்னு சொல்லிர முடியாது. இதயத்துல இருந்து கட்டி வர்றவங்களுக்குக் கொழுப்பு கம்மியாவே இருக்கலாம். சரியாச் சாப்பிடாம மெலிஞ்சவங்களுக்கும் கம்மியாத்தான் இருக்கும். அவங்களுக்கு வந்தா உடம்பு தாங்காது. பக்கவாதம் வந்த பிறகு எடுத்த ரத்தத்துலயும் அந்த அளவு எறங்கிக் காட்டலாம். நம்பரை மட்டும் பாத்தா தப்பாத்தான் புரியும். நீங்க உங்க மாத்திரைய நிறுத்திராதீங்க. அடுத்தது வந்தா அதுவும் சின்னதா வரும்னு யாரும் எழுதித் தரல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இவங்க சாப்பாடெல்லாம் எப்படி? ரத்தமே இல்லாம இருக்காங்களே. நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு முன்னாடி எப்பவாவது சொன்னாங்களா? ஒரு இ.சி.ஜி. எடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்கலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருப்போம்."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் தரையைப் பார்த்தார்.

உன் கொழுப்பு குறைந்தது நீ சாப்பிடாததால். அதையே எல்லாரும் உனக்குக் கவசம் என்றோம். உன் பசிக்கு நல்ல பேர் வைத்து உன்னை அதோடு அனுப்பிவிட்டோம். உன்னை அடக்கம் பண்ணிய அன்று வந்தவர்கள் எல்லாரும், "தங்கமான மனுசி, வாய்க்கு ருசியா ஒரு நாள் தின்னுருக்க மாட்டா" என்று பெருமையாகத்தான் சொன்னார்கள்.

இவ்வளவையும் தன் காதால் கேட்ட மனிதர்தான் நினைவு நாளில் எழுந்து நின்று அந்தச் சாட்சியைச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. பாஸ்டர் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வீட்டில் சாப்பாடு. வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு. மச்சான் முதல் பந்தியில் உட்கார்ந்து எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார். உன் மகள் பிரிசி பரிமாறினாள். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு அவள் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குச் சமைத்துப் போட ஊருக்கு வந்துவிட்டாள். அவர்தான் வரச் சொன்னார். வேறு ஆள் வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மச்சானின் அக்கா சரோஜா மதினி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "பிரிசி அப்படியே எஸ்தரு மாதிரி. எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியில ரெண்டு வாய் திம்பா. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளைய எங்க பாக்க முடியும்?"

எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

பிரிசி சுவரோரம் நின்றபடி, ஒரு கிண்ணத்தில் ரசச்சோற்றை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கறிச்சட்டி கழுவுகிற இடத்துக்குப் போயிருந்தது. அவள் கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியது.

"கறி எங்கடா?"

"தீந்துருச்சு சித்தி. எனக்குப் பசிக்கலை."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"காப்பி குடிச்சேன். அப்பாவுக்கு இட்லி அவிச்சேன், ஆளுக வந்துட்டாக, அப்பறம் நேரமில்ல."

"நெஞ்சு கிஞ்சு அடிக்குதா ஒனக்கு?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். "தண்ணி தூக்கிட்டு வந்தா மட்டும் கொஞ்சம் படபடங்குது."

அக்கா, அந்த நிமிஷம் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. வெளியே வந்தேன். மச்சான் கையைக் கழுவிவிட்டு பாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"மச்சான், நெஞ்சு அடிக்குதுன்னு அக்கா ஒங்ககிட்டச் சொன்னாளா இல்லையா?"

சரோஜா மதினி, "நெனவு நாளு அதுவுமா எதுக்குடி சண்டை?" என்றார்.

"இன்னைக்குத்தான் மதினி பேசணும். சொல்லுங்க மச்சான். சொன்னாளா?"

"சொன்னா."

"நீங்க என்ன சொன்னீக?"

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். "ஒனக்குத்தான் கொழுப்பே இல்லையே, ஒனக்கு என்ன வரப்போகுதுன்னு சொன்னேன்."

"டாக்டரம்மா சொன்னதை நீங்களும்தான கேட்டீக? இதயத்துல இருந்து கட்டி போச்சுன்னாக. சாப்பிடாததாலயும் கொழுப்பு கொறையும்னாக. அதை ஏன் சாட்சியில சொல்லல?"

அவர் குரல் தணிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் பாஸ்டருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். "அதைச் சொன்னா நான் கேக்காம விட்டுத்தான் அவ செத்தான்னு ஆகும்ல ரூபி. கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

அவருக்குத் தூக்கம் வருகிறது அக்கா. அதற்காகத்தான் அத்தனை பேச்சும். ஒரு கணம் எனக்கும் பாவமாக இருந்தது. அவர் தெரியாமல் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சுமக்க முடியாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுப்படியில் நிற்கிற பிள்ளையை நினைத்தேன். பாவம் பார்க்கிற இடத்தில் நான் இல்லை.

"ஒங்க மாத்திரைய ஒங்க இஷ்டத்துக்கு நிறுத்துறீக" என்றேன். "இன்னொரு தடவ வந்தா நடந்து வருவீகன்னு நிச்சயமில்ல. படுத்துட்டீகன்னா தூக்கி விட எங்க அக்கா இல்ல. பிரிசிதான் தூக்கணும். அவ ஒடம்பைப் பாத்தீகளா?"

"நான் மாத்திரையப் போட்டு யாருக்காக இருக்கணும்?" என்றார்.

"யாருக்காகவும் இருக்க வேணாம். அவ தலையில பாரத்த ஏத்தாம இருங்க, அது போதும். பிரிசிய நான் கூட்டிட்டுப் போறேன்."

சரோஜா மதினி எழுந்துவிட்டார். "அப்ப அவனுக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

"ரெண்டு கையும் நல்லா வேலை செய்யுது மதினி. இப்பத்தான் எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னாக."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

பிரிசி வர மாட்டேன் என்றாள். அப்பா தனியாக இருப்பார் என்று அழுதாள். நான் அவள் துணிகளை எடுத்துப் பையில் அடைத்தேன். மச்சான் தடுக்கவில்லை. பஸ் வருகிற வரைக்கும் வீட்டுக்குள் இருந்தார், வாசலுக்கு வரவில்லை. பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரும் வரை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த நாளே மதுரைக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டரம்மா. இ.சி.ஜி. எடுத்தார்கள், நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. ரத்தம்தான் பாதி அளவுக்குக் கீழே இருக்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த பிரிசி, "சித்தி, எனக்குக் கொழுப்பும் கம்மியாத்தான் இருக்கு. நல்லதுதான?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அவளை உட்கார வைத்துச் சொன்னார். "கம்மியா இருக்கது நல்லதுதாம்மா. ஆனா ஏன் கம்மின்னு கேக்கணும். நீ சாப்பிடாம கொறைச்சிருக்க. நல்லாச் சாப்பிட்டு, நடந்து, வேலை செஞ்சு கம்மியா வச்சிருக்கவளும் நீயும் ஒண்ணா?"

இப்போது உன் மகள் என்னோடுதான் இருக்கிறாள். இங்கே ஒரு நூல் கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள். ஈரல், முருங்கைக்கீரை, முட்டை என்று சமைத்துப் போடுகிறேன். முதல் மாதம் நான் சாப்பிட உட்காரும் வரை அவளும் தட்டைத் தொடவில்லை. உன்னிடம் படித்த பழக்கம். எத்தனை முறை சொல்லியும் கேட்காததால் ஒரு நாள் அதட்டினேன், அழுதுகொண்டே சாப்பிட்டாள். இப்போது வேலை விட்டு வந்ததும் தானாகச் சட்டியைத் திறந்து பார்க்கிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. சத்தமாகவும் பேசுகிறாள்.

மச்சானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமைக்க ஓர் அம்மாவை வேலைக்கு வைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வந்தார். சட்டை கசங்கியிருந்தது. மாத்திரையைத் திரும்பப் போடுகிறேன் என்று நான் கேட்காமலே சொன்னார். தட்டு வைத்தேன், சாப்பிட்டார். போகும்போது, "நான் என்ன செஞ்சா ஒனக்கு மனசு ஆறும்?" என்று கேட்டார்.

"நெஞ்சு அடிக்குதுன்னு அக்கா சொன்னதையும், நீங்க சொன்ன பதிலையும் சபையில எந்திரிச்சு நின்னு சொல்லுங்க" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பல ஞாயிறு போய்விட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடியும் முன்னே வெளியே போய்விடுகிறார் என்று மேரி சொன்னாள். அவர் சொல்லப் போவதில்லை. அது தெரிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவரை நான் மன்னித்துவிட்டதாக உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்க வேண்டியவள் நீ, உன்னைப் பேச விடாமல் அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொல்லாததை நான் போய்ச் சொன்னேன். பரளச்சியில் பெண்கள் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசக் கேட்டேன். பாஸ்டரின் மனைவி சரி என்றார். உனக்கு நடந்தது முழுவதையும் சொன்னேன். கொழுப்பு அதிகமானவர்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னேன், கொழுப்பு குறைவு என்று யாராவது சொன்னாலும் நெஞ்சு அடிப்பதை மறைக்காதீர்கள் என்றும் சொன்னேன். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் சோடா கொடுக்காதீர்கள், ஜெபத்துக்கும் போகாதீர்கள், முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள், ஜெபத்தை வண்டியில் பண்ணிக்கொள்ளலாம் என்றேன். சில பெண்களுக்கு அது பிடிக்கவில்லை.

கூட்டம் முடிந்து செருப்பைப் போடும்போது மேரி பின்னாலேயே வந்தாள். உன்னைப் பாயில் பார்த்தவள். "எனக்கும் அப்படித்தான் ரூபி அடிக்கிது. எஸ்தரு சொல்லுவாளே, கோழி றெக்கை மாதிரின்னு. வீட்டுல சொன்னேன், ஒல்லியா இருக்கவளுக்கு ஒண்ணும் வராதுன்னுட்டாக."

மறுநாள் காலை அவளை அருப்புக்கோட்டைக்கு வரச் சொன்னேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவளோடு அவள் புருஷனும் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இ.சி.ஜி. எடுத்த பெண் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மேரியின் இதயமும் தாளம் தப்பித்தான் துடிக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க விடாமல் போட வேண்டும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் விவரமாகச் சொன்னதும் அவள் புருஷன் மாத்திரைக் கவரைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நேரத்துக்கு நான் எடுத்துக் குடுத்துர்றேன்" என்றான். பஸ் ஸ்டாண்டில் அவளை நிழலில் உட்கார வைத்துவிட்டு இரண்டு பொட்டலம் சாப்பாடு வாங்கி வந்து, ஒன்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்தான். அவள் சாப்பிட ஆரம்பிக்கும் வரை தன்னுடையதைப் பிரிக்கவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன் அக்கா. ஒரு இ.சி.ஜி. காகிதம், ஒரு மாத்திரைக் கவர், ஒரு சோற்றுப் பொட்டலம். உனக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

மேரியை மாசா மாசம் நான்தான் கூட்டிப்போகப் போகிறேன். அவள் புருஷன் சலித்துப்போனாலும் நான் சலிக்க மாட்டேன். நெஞ்சு அடிக்கிறது என்று இனி எந்தப் பெண் என்னிடம் சொன்னாலும் விட மாட்டேன், லோடு போகட்டும் என்று அவள் சொன்னாலும் கேட்க மாட்டேன். கையைப் பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏற்றுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
ரூபி